கோட்டு வேண்டாத மாத்திரை

மீனை உறைய வைக்கும் குளிர்கிடங்கின் வாசலில் காலையிலிருந்தே தள்ளுமுள்ளு. உள்ளே எலும்பைத் துளைக்கும் குளிர்; வெளியே அதற்கு மருந்து. 'அனலார்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட வைத்தியர் நேற்றே வந்திறங்கியிருந்தார். அவருடைய சிவப்பு மாத்திரையை விழுங்கினால் குளிர் கிட்டவே நெருங்காதாம். ஒரே ஒரு பத்தியம்தான். மேலே கனத்த துணி எதுவும் போடக்கூடாது. போட்டால் மருந்து கோபித்துக்கொண்டு வேலை செய்யாது. மருந்துக்கு அவ்வளவு ரோஷம்.

மேலாளருக்கு வாயெல்லாம் பல். கிழிந்துபோன கோட்டுகளுக்குப் பதில் புதிது வாங்கும் செலவு மிச்சமல்லவா. இருப்பவற்றையும் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்.

பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் பெண்ணுக்கு மட்டும் இதில் நம்பிக்கை இல்லை. அவள் கணவன் உள்ளே பெட்டி அடுக்குபவன். நேற்றே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் சட்டையோடு போய்வந்தான். முகம் சிவந்திருந்தது. விரல் நுனிகளோ சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன.

"உடம்பெல்லாம் தகதகன்னு இருக்கு, தெரியுமா?" என்றான் பெருமையாக.

"விரலக் கிள்ளினேனே, வலிச்சுதா?"

"எப்பக் கிள்ளினே?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியே போனால் நாளைக்குச் சட்டைப் பொத்தானை எதனால் போடுவான்? மாத்திரை ஒன்றை நக்கிப் பார்த்தாள். சுத்தமான மிளகாய்த்தூள். காரம் தின்றால் முகம் எரியும். முகம் எரிந்தால் குளிர் ஓடிவிடுமா?

இன்று அனலார் எல்லோர் முன்னும் ஒரு மாத்திரையை விழுங்கினார். கணுக்கால்வரை தொங்கும் அங்கியோடு உள்ளே போனார். நெடுநேரம் கழித்துப் புன்னகையோடு வெளியே வந்தார். நெற்றியில் வியர்வை. கூட்டம் கைதட்டி ஓய்ந்ததும் அவள் முன்னே வந்தாள்.

"ஐயா, கனத்த துணி போட்டா மருந்து கோவிச்சுக்கும்னீங்க. உங்க அங்கிய மட்டும் மன்னிச்சிருச்சா?"

"இது துணி இல்லம்மா. தவக்கோலம்."

"அந்தக் கோலத்தக் கழட்டிட்டு இன்னொரு தடவ போய்ட்டு வாங்களேன். உங்க மகிமை கண்ணாரத் தெரியும்."

அனலார் பின்வாங்கினார். கணவனுக்கோ மனைவிமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கழட்டுங்க ஐயா. இவ வாய இன்னியோட அடைச்சிருவோம்," என்று பக்தியோடு தானே அங்கியைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

உள்ளே கம்பளிச் சட்டை. அதற்குள் இன்னொரு கம்பளிச் சட்டை. இடுப்பைச் சுற்றி வெந்நீர்ப் பைகள். இழுத்த இழுப்பில் ஒன்றின் மூடி கழன்று, அனலாரின் மகிமை ஆவி பறக்கத் தரையில் ஓடியது. அதன் பின்னாலேயே அனலாரும் ஓடினார்.

மேலாளர் கோட்டு மூட்டையைக் காலால் முன்னே தள்ளினார். கணவன் மூட்டையை அவிழ்த்துக் கோட்டை எடுத்து மாட்டினான். பொத்தான் போட விரல் மடங்கவில்லை. அவளே போட்டுவிட்டாள்.

கூட்டத்தில் ஒருவன் குனிந்து, தரையில் ஓடிய தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒருவேளை சக்தியெல்லாம் இந்தத் தண்ணிலதான் இருக்கோ?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, தலைய எதுக்கு வச்சிருக்கீங்க, குல்லா மாட்டவா?"