குட்டைத் துப்பாக்கி வந்தால் பின்னால் வண்டி வரும்

தெருவெல்லாம் டிராக்டர் ஓடும் ஊரில் வளர்ந்தும் ஒரு டிராக்டரின் பெயர்கூடத் தெரியாத ஆறு வயதுப் பெண்ணுக்கு, குட்டைத் துப்பாக்கி எது, நெட்டைத் துப்பாக்கி எது என்று மட்டும் தெரிந்திருந்தால், பெற்றவள் பெருமைப்படுவதா, யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்பதா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

இதற்குக் காரணம் எங்கள் மேல்வீட்டுக்காரர், இலங்கைத் தமிழர். டென்மார்க் முழுவதையும் சலித்துப் பார்த்தாலும், ஒரு துப்பாக்கியைக்கூட விரலால் தொடாமல் உலகத்துத் துப்பாக்கிகளை எல்லாம் கரைத்துக் குடித்த இன்னொருவர் கிடைக்க மாட்டார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவர் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர் கிரின்ஸ்டெட்டிலும் பக்கத்து நகரம் கோல்டிங்கிலும் உள்ள தமிழர்களுக்கு அவர் ‘குட்டை ஏகே’. ஆள் ஆறடிக்குக் குறையமாட்டார். புதிதாக வருகிறவர்கள் குள்ளமான ஒருவரைத் தேடி ஏமாந்து போவார்கள்.

சோவியத் காலத்தில், டாங்கியிலும் வண்டியிலும் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வைத்துக்கொள்ளட்டும் என்று, பெரிய ஏகே துப்பாக்கியின் குழலைக் குறுக்கி ஒரு குட்டை ரகம் செய்தார்களாம். பின்கட்டை மடங்கும். முன்வாயில் புனல் போல ஒன்று இருக்கும். அதற்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இன்றுவரை புதுப்புது ரகங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அத்தனை பேரின் ஜாதகமும் அவருக்கு மனப்பாடம்.

“இதெல்லாம் எதுக்கு அண்ணா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எதுக்கும் தெரிஞ்சு வச்சிருக்கணும் புள்ள.”

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அடுப்படியிலிருந்தே சிரித்தார். “கேளுகா அவரிட்ட, வருசப் பிறப்புக்கு வெள்ளைக்காரப் பொடியன் சீன வெடி கொளுத்தினா ஏன் மேசைக்குக் கீழ போறார் எண்டு!”

“அது வெடி. துவக்கு வேற, வெடி வேற” என்றார் அவர் கௌரவமாக. துப்பாக்கியை அவர் துவக்கு என்றுதான் சொல்வார்.

கோல்டிங்கில் சில மாதங்களுக்கு ஒருமுறை மண்டபம் எடுத்துத் தமிழ்ப் படம் போடுவார்கள். ஒருமுறை, அறுபதுகளில் நடக்கும் கதை. கதாநாயகியை மலை உச்சியிலிருந்து வில்லன் சுடுகிறான். அவள் கதாநாயகன் மடியில் விழுந்து கடைசி வார்த்தை பேசுகிறாள். மண்டபமே மூக்கை உறிஞ்சுகிறது. இவர் எழுந்து நின்றுவிட்டார்.

“நிப்பாட்டுங்க! இந்தத் துவக்கு அப்ப பிறக்கவே இல்ல!”

“அண்ணை, இருங்கோ!” என்று யாரோ கத்தினார்கள்.

“பிறந்திருந்தாலும் அவ்வளவு தூரத்துக்குக் குட்டை சரிவராது. அந்தப் புள்ள சாக மாட்டா. நான் எழுதித் தாறன்.”

அழுதுகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

என் கணவர் ஆசையாக வாங்கிவந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கியும் தப்பவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முன்வாய் பழசு, மேல தொலைநோக்கி பூட்டுற தண்டவாளம் புதுசு, பின்கட்டை வேற நாடு. மூணு வீட்டுக் கறியை ஒரு சட்டியில ஊத்தி வச்சிரிக்கானுகள்” என்றார். கணவர் என்னிடம் மெதுவாக, “ஏம்மா, தண்ணி வருதான்னுதானே பார்க்கணும்?” என்றார்.

திரையில் குட்டைத் துப்பாக்கியைக் கண்டால் மட்டும் அவர் வாயில் தானாக ஒன்று வரும். “குட்டை வந்திட்டு. பின்னால வண்டி வருது. தொப்பியைக் கழட்டு, மதிலோட நில்லு.” சிலர் தும்மினால் கடவுள் பெயரைச் சொல்வதுபோல. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் பள்ளி முடிந்ததும் என் மகள் தாரிணியை அழைத்துவருபவர் அவர்தான். அவருக்கு அதிகாலை ஷிப்ட், மதியத்தில் ஓய்வு. நான் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து பயிற்சிக் காலத்தில் இருந்தேன். முடிய மாலை ஆறாகும். கணவர் காரை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார். இந்த ஊரில் பேருந்து என்பது விருந்தாளி மாதிரி, எப்போதாவது வரும். அண்ணா இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை.

பிப்ரவரியில் ஃபாஸ்டலாவ்ன் வந்தது. குழந்தைகள் வேடம் போட்டுக்கொண்டு, மிட்டாய் நிறைந்த மரப்பீப்பாயைத் தடியால் அடித்து உடைக்கும் பண்டிகை. பொம்மை ஆயுதம் வேண்டாம் என்று பள்ளி செய்தி அனுப்பியிருந்தது. நான் அகராதி வைத்துப் படித்து, தாரிணிக்கு முயல் வேடம் போட்டு, அந்தக் காதுகள் யார் கண்ணிலாவது குத்துமோ என்று கவலைப்பட்டு அனுப்பினேன். சிப்பாய் வேடம் போட்ட ஒரு பையன் மட்டும் பொம்மைத் துப்பாக்கியோடு வந்துவிட்டான்.

முயல் அதைப் பார்த்தது. டேனிஷில் உரக்கச் சொன்னது: “குட்டை! பின்னால் வண்டி வருகிறது! எல்லாரும் தொப்பியைக் கழற்றுங்கள், சுவரோரம் நில்லுங்கள்!”

கடற்கொள்ளைக்காரர்கள், இளவரசிகள், ஒரு தேனீ, எல்லாரும் கிரீடத்தையும் கொம்பையும் கழற்றிவிட்டுச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். முயல் தன் காதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றது. பீப்பாயை அடிக்க ஆளில்லை.

மறுநாளே என்னைப் பேச வரச் சொல்லிப் பள்ளியிலிருந்து அழைப்பு. இனி அவரிடம் குழந்தையை விடாதே என்று சொல்லிவிடுவார்களோ, கம்யூனுக்கு, அதாவது நகராட்சிக்கு, எழுதிவிடுவார்களோ என்று பயந்தேன். அண்ணாவிடம் சொல்லவே கூடாது என்று நினைத்து, சொல்லிவிட்டேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையும், அக்கா சுட்ட வடை டப்பாவுமாகக் கூடவே வந்தார்.

“உங்கள் வீட்டில் ஆயுதம் உண்டா?” என்று ஆசிரியை நேரடியாகக் கேட்டார்.

அண்ணாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தொழிற்சாலை டேனிஷில் சொல்லத் தொடங்கினார். வார்த்தை கிடைக்காத இடங்களில் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன்.

“சொல்லு புள்ள. எங்கட ஊர்ல சோதனைச் சாவடியில ஆக்கள்ற முகத்தைப் பாக்கேலா. பாத்தா, என்ன பாக்கிறாய் எண்டு அடி. அதால துவக்கைத்தான் பாத்தன். எந்தத் துவக்கு எண்டு தெரிஞ்சாத்தான் யார் எண்டு தெரியும். யார் எண்டு தெரிஞ்சாத்தான் என்ன பதில் சொல்லலாம் எண்டு தெரியும். குட்டை வந்தா பின்னால வண்டியில பெரிய ஆள் வாறான். தொப்பியைக் கழட்டி மதிலோட நிண்டவன் வீட்டுக்குப் போனான்.”

அவர் பேசிய அத்தனை நாளில், ஏன் தெரிந்து வைத்திருக்கிறார் என்பதற்கு அன்றுதான் பதில் கிடைத்தது. ஆசிரியை குறிப்பெழுதிய பேனாவை மூடிவைத்தார். பிறகு, “அப்படியென்றால் இவள் மற்றக் குழந்தைகளைக் காப்பாற்றப் பார்த்தாளா?” என்றார்.

“ஓம்” என்றார் அண்ணா. “ஆனா ஒரு பிழை விட்டிட்டாள்.”

எனக்கு உயிர் போனது. ஜன்னல் விளிம்பில் கிடந்த அந்தப் பொம்மைத் துப்பாக்கியை அவர் கண்ணால் காட்டினார், கையால் தொடவில்லை.

“இது குட்டை இல்ல. பின்கட்டை மடிச்சிரிக்கிறதால குட்டை மாதிரித் தெரியுது. குழலைப் பாருங்க, முழு நீளம். இதுக்கு வண்டி வராது. பிள்ளைகள் பயப்படாம மிட்டாய் தின்னலாம்.”

ஆசிரியை சிரித்தார். வடை எடுத்துக்கொண்டார். முடிவு இதுதான்: அவரே அழைத்துப் போகலாம், குழந்தை முன்னால் துப்பாக்கிப் பேச்சு கூடாது. அண்ணா தலையாட்டினார்.

வாக்கைக் காப்பாற்றுகிறார். பள்ளியிலிருந்து வரும் வழியில் டிராக்டர்களை அடையாளம் சொல்லப் பார்க்கிறார். பாதிக்கு மேல் தப்பு. சென்ற மாதம் கோல்டிங்கில் மறுபடியும் படம். பழைய காலத்துக் கதையில் நேற்றுப் பிறந்த துப்பாக்கி. அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மண்டபமே திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

“அண்ணை, நீங்கள் கதைக்காட்டி எங்களுக்குப் படம் விளங்குதில்லை” என்றார் முன்பு கத்திய அதே குரல்காரர்.

தாரிணி டேனிஷில் அவர் காதருகே கேட்டாள்: “மாமா, அது தப்புதானே? அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. “படத்தைப் பாருங்க மகள்” என்றார்.

வாசகர்களே, அவள் மறுபடியும் கேட்பாள். மதிலோரம் நின்ற கதையை ஒரு குழந்தைக்கு எந்த வயதில், எந்தச் சொற்களில் சொல்லலாம்? பள்ளிக்குக் கொடுத்த வாக்கை என்ன செய்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். திட்டுவதானாலும் எழுதுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளைத் தேடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.