நந்தியாவட்டையில் ஏறிய புழுவும் பதில் போடாத மாப்பிள்ளையும்

சூரமங்கலம், சேலம்.

அன்புள்ள மாப்பிள்ளை சபரிநாதன் அவர்களுக்கு,

கைலாசம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காள் சாரதாமணியும் மாத்திரை தவறாமல் விழுங்கி நலமாக இருக்கிறோம். தம்மம்பட்டியில் நீங்களும் மைதிலியும், ஒரு வரி பதில் போடக்கூட நேரமில்லாத அளவுக்கு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வியாழக்கிழமை காலை, வாசலில் இருக்கும் நந்தியாவட்டையில் பூப்பறிக்கப் போனபோது ஒரு புழுவைப் பார்த்தேன். என் கட்டைவிரல் பருமன், நடுவிரலைவிட நீளம், உடம்பெல்லாம் இளம்பச்சை, பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள், வாலில் ஒரு மஞ்சள் கொம்பு. தொட்டதும் தலையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு இரண்டு நீலக் கண்களால் என்னை முறைத்தது. முப்பத்துநாலு வருடம் ரயில்வே பார்சல் ஆபீசில், உள்ளே என்ன என்று எழுதாத மூட்டையை வண்டியில் ஏற்றாதவன் நான்; வாசலில் பெயர் தெரியாத ஒன்று உட்கார்ந்திருந்தால் எனக்குச் சோறு இறங்குமா? என் போனில் படம் எடுக்க வராது என்பதால் உங்கள் அக்காள் போனிலேயே எடுக்கவைத்து, ஏழரை மணிக்கு உங்களுக்கு அனுப்பச் சொன்னேன். வேளாண்மைத் துறையில் இருபது வருடமாகப் புழுவோடு குடித்தனம் நடத்துகிறவர், பார்த்த நிமிடமே சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தது என் தப்பு.

நீங்கள் வாய் திறக்காததால் ஊரெல்லாம் வாய் திறந்தது. பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இது பாம்புக் குட்டியாட்ட இருக்குதுங்க, கண்ணப் பாருங்க" என்றார். தெருச் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து, படம் காட்டினால் பெயர் சொல்லும் ஏதோ ஒன்று தன் போனில் இருப்பதாகச் சொல்லி வந்து நீட்டினார். அது பச்சைமிளகாய் என்றது. அவர் அதோடு விடாமல் படத்தைச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட, மத்தியானத்துக்குள் புழு ஒரு முழமாகிவிட்டது. சாயங்காலம் ஓமலூரிலிருந்து யாரோ, அது சீறுமா என்று கேட்டிருந்தார்களாம். வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக் குழந்தைக்கு வேர்க்குரு வந்தது. அதுவும் என் புழுவின் கணக்கில் சேர்ந்தது.

நான் மணிக்கொரு தரம் சமையலறைக்குப் போய், "உன் தம்பி ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்பேன். "அவனுக்கு ஆயிரஞ் சோலிங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்பாள். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு படத்துக்குப் பதில் போடாதவரிடம் போனில் வேறு கெஞ்சுவதா என்று ரோஷம் வந்துவிட்டது.

ஞாயிறு காலை சங்கமே அரிவாளோடு வாசலில் நின்றது. "என் மாப்பிள்ளை ஒரு வார்த்த சொல்லட்டும், பொறுங்க" என்றேன். நாச்சிமுத்து சிரித்தார். "மூணு நாளாச்சுங்க. உங்க மாப்பிள்ளை சொல்றதுக்குள்ள அது பேரன் பேத்தி எடுத்துருமுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓய்வு பெற்ற வாரம் நட்ட செடி, பதினோரு வருடம், அடியோடு சாய்ந்து விழப் பத்து நிமிடம் ஆனது. தினமும் அதில்தான் இவர்கள் எல்லோரும் சாமிக்குப் பூப்பறித்தார்கள். வெட்டிய கிளைகளை உதறிப் பார்த்தார்கள், புழு இல்லை. நாலு மணிக்கு நான் மட்டும் பார்த்தேன். மண்நிறமாக மாறி, அவசரமே இல்லாமல் ஊர்ந்து, ஜானகியம்மாள் வீட்டுப் பூந்தொட்டிச் சருகுக்குள் போய்ப் படுத்தது. மிதிக்கக் காலைத் தூக்கினேன், மனம் வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

படித்தவர், உத்தியோகஸ்தர், சொந்தக்காரர் என்று உங்களை நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொன்ன வாய் இது. இனிச் சொல்லாது. உங்கள் வீட்டுத் தென்னையில் வண்டு விழுந்தால் எனக்கு எழுத வேண்டாம். வெறும் கல்லும் மண்ணுமாக நிற்கும் என் வாசலை ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

மைதிலிக்கும் பிள்ளைகளுக்கும் எந்தக் குறையும் வராதிருக்க என் ஆசிகள். உங்களுக்கும்தான், முறை என்று ஒன்று இருக்கிறதே.

இப்படிக்கு,
கைலாசம்

பின்குறிப்பு: கவரில் எழுத உங்கள் கதவு எண் வேண்டி உங்கள் அக்காள் போனைத் திறந்தேன். வியாழக்கிழமை ஏழு நாற்பதுக்கே நீங்கள் போட்ட பதில் இருக்கிறது. "மாமா, அது அரளி அந்துப்பூச்சியோட புழுங்க. கடிக்காது. நாலு நாள்ல தானா எறங்கிப் போயிரும். செடிய ஒண்ணும் பண்ணிராதீங்க." உங்கள் அக்காளிடம் நீட்டினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "பதினோரு வருசமா அதுக்குக் கீழ கூட்டுனது நானுங்க. எந்திரிச்சதும் அந்தச் செடி மொகத்துலதான் முழிக்கறீங்க. எம் மொகத்த என்னைக்கு நின்னு பாத்தீங்க?" என்றாள். இந்தக் கடிதத்தை மறுபடி எழுதக் கை வலிக்கிறது. ஆகவே மேலே உங்களைத் திட்டிய இடத்தில் எல்லாம் உங்கள் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளவும். படித்ததும் கிழித்துவிடவும். சாப்பிடக் கூப்பிடுகிறாள், போகிறேன்.