எண்ணெய்னா எண்ணெய்தான்

'அதுவும் இதுவும் ஒன்றுதான்' என்றொரு இனம் உண்டு. வெயில், மழை, பஞ்சம் எதிலும் அழியாத இனம். கடுகு இல்லையென்றால் சீரகம், சீரகமும் இல்லையென்றால் கையில் அகப்பட்டது. சாவி தொலைந்தால் கொண்டை ஊசி, திருகாணிக்குத் தீக்குச்சி, கேள்வி கேட்டால் ஒரு சிரிப்பு. குன்றாண்டார்கோவில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேன் ஓட்டிய சந்தனசாமி இந்த இனத்தின் தலைமகன்.

பிரேக் எண்ணெய் குறைந்திருந்தது. அதற்கென்றே விற்கும் டப்பாவுக்குத் திருச்சிக்குப் போக வேண்டும். சந்தனசாமி போவாரா? இஞ்சின் ஆயிலில் விரலைத் தோய்த்தார், முகர்ந்தார், நுனிநாக்கில் வைத்துக்கூடப் பார்த்தார். ஊற்றிவிட்டார்.

நர்ஸ் ஞானமணி பார்த்துவிட்டார். "பிரேக் டப்பா மூடியில வேற ஆயில் ஊத்தக் கூடாதுன்னு போட்டிருக்குல்ல?"

"அவன் போடத்தாம்மா செய்வான், அவன் சரக்கு விக்கணும்ல. எண்ணெய்னா எண்ணெய்தான்."

"அப்ப ஒங்க கண்ணுக்கு இருமல் மருந்து ஊத்தவா? அதுவும் மருந்துதானே."

சந்தனசாமி சிரித்தார். வண்டி பத்து நாள் ஓடியது. ஓடுகிற வண்டியை யார் குறை சொல்வது? ஞானமணியும் அதிலேயே ஏறிப் போய்வந்தார்.

பதினோராம் நாள் நிறைமாதக்காரி ராசாத்திக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது; புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கத்தி வைத்தால்தான் இரண்டு உயிரும் தங்கும். கீரனூர் தாண்டியதும் வண்டி முனகியது, சக்கரங்களில் தீய்ந்த வாடை அடித்தது, நார்த்தாமலை விலக்கில் அசையாமல் நின்றுவிட்டது. மிதித்த பிரேக் விடவில்லை. நாலு பேர் தள்ளியும் நகரவில்லை. உள்ளே ராசாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

சந்தனசாமி வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "பாத்தீங்களாம்மா, பிரேக்கு என்னமாப் பிடிக்குது!"

ஞானமணி நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றார். கல் லாரி ஒன்று கிறீச்சென்று நின்றது. ராசாத்தியை ஏற்றுவதற்கு முன் அவர் கேட்ட ஒரே கேள்வி:

"ஒங்க பிரேக்குக்கு என்ன ஆயிலுங்க ஊத்துறீங்க?"

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் அரை மணி போயிருந்தால் வாய்ப்பில்லை என்றார் டாக்டர். பிரேக்கைக் கழற்றிய மெக்கானிக், இஞ்சின் ஆயிலைக் குடித்துத் தயிர்வடையாக ஊதிப்போன ரப்பர் வளையங்களை எடுத்துக் காட்டினார். சந்தனசாமி அதையும் அழுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "ரப்பர் மட்டம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே எழுந்துபோய் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். மூலையில் லேபிள் கிழிந்த மருந்துச் சீசா ஒன்று இருக்கும். போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும், "இதுவும் அந்த மருந்துதான்" என்று அதில் அரைக் கரண்டி ஊற்றிக் கொடுத்தது யார்?