நிழல் விழும் இடம்

எல்லாப் பிள்ளைகளும் காகிதத்தில் சூரியக் கடிகாரம் செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. அறிவியல் மனப்பான்மை வளர்வதற்காம். அந்த வருஷம் அதுதான் பேஷன். முந்தின வருஷம் காய்கறித் தோட்டம். கத்தரிச் செடியை ஆடு மேய்ந்துவிட்டதால் நாங்கள் அறிவியலுக்கு மாறினோம். இப்போது நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன், அதனால் உள்ளதை எழுதலாம்.

ஐசக் சார் ஒருத்தர்தான் அந்தச் சுற்றறிக்கையை நிஜமென்று நம்பினார். வேலைக்கு வந்து இரண்டு வருஷமாகியும் நிரந்தர ஆணை வராதவர். ஆய்வாளர் 'திருப்தி' என்று எழுதினால் ஆணை, இல்லாவிட்டால் வீடு. நோட்டு அட்டையில் மணிக்கோடுகள் போட்டு, எங்கள் ஊர் அட்சரேகைப்படி பன்னிரண்டரை டிகிரியில் ஒரு காகித முக்கோணம் வெட்டி, சோற்றுப் பசையால் நடுவில் நிறுத்தி, வடக்குப் பார்த்து வைக்கச் சொல்லித் தந்தார். முக்கோணத்தின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. கிட்டத்தட்டச் சரியாகவே காட்டியது. வம்பே அதுதான்.

ஆய்வாளர் தாமோதரன் காலை பத்து மணிக்கு வருவதாகத் தகவல். வந்து இறங்கியபோது முற்றத்தில் நாற்பது கடிகாரங்களும் பன்னிரண்டரை காட்டின.

"மணி இன்னா காட்டுது இது?" என்றார்.

"பன்னெண்டரை சார்."

"என் பயண நாட்குறிப்புல பத்துன்னு கீதே?"

ஐசக் சார் வானத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். ஆய்வாளர் சுற்றறிக்கையை எடுத்து உரக்கப் படித்தார்: "'மேற்படி கடிகாரத்தை நிழல் விழும் இடத்தில் வைத்தல் வேண்டும்.' நீர் வெயில்ல வெச்சிருக்கீர்!"

"முக்கோணத்தோட நிழல் அட்டையில விழணும்னு அர்த்தம் சார்..."

"அர்த்தம் சொல்ல உமக்கு அதிகாரம் கீதா?"

இல்லை. நாற்பதையும் தூக்கிப் புங்கமரத்தடியில் வைத்தோம். அங்கே ஒன்றுகூட எந்த மணியும் காட்டவில்லை. ஆய்வாளர் எழுதினார்: "நாற்பதும் பழுது. ஏழு தினங்களுக்குள் ஓடச் செய்ய வேண்டியது. தவறினால் ஆசிரியர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

அவர் போனதும் ஏகாம்பரம் சார் கத்தினார். "இன்னா ஐசக், பேஜார் பண்ணிக்கினே! பத்துன்னா பத்துன்னு சொல்லிட்டுப் போறதுதானே?"

"சூரியன் பன்னெண்டரை சொல்லுதே சார்."

"சூரியனா உனக்கு ஆர்டர் போடும்?"

எனக்குப் பொறுமை கிடையாது. "நிழல்தானே சார் வேணும்? மசியில வரைஞ்சிட்டா இன்னா?" என்றேன்.

"அது பொய்யி, அம்முலு."

"மரத்தடியிலயும் ஓடும் சார். மழை பேஞ்சாலும் ஓடும்."

ஐசக் சார் ஆய்வாளர் எழுதியதை இன்னொரு தடவை படித்தார். அப்புறம் மசிப்புட்டியை என் பக்கம் தள்ளினார். நாற்பதிலும் பத்து மணி நிழலை நான்தான் வரைந்தேன்.

ஏழாம் நாள் ஆய்வாளர் ஒரு மணிக்கு வந்தார். மரத்தடியில் நாற்பதும் பத்து காட்டின. நாட்குறிப்பை எடுத்து ஒத்துப் பார்த்தார். "ஒரு நிமிஷம் கூடப் பிசகல! இதான்யா அறிவியல்!" என்று 'மிக்க திருப்தி' எழுதினார். ஆபீசுக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டும் போனார்.

பிறகு எங்களுக்கும் பழகிவிட்டது. பதினொன்றரைக்கு வந்த பிள்ளையும் அட்டையைக் காட்டும், பன்னிரண்டுக்கு வந்த வாத்தியாரும் காட்டுவார். தாமதமாக வந்தவர் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் இல்லை.

மார்ச் கடைசியில் ஆய்வாளர் ஆபீசிலிருந்து ஐசக் சாருக்குக் கடிதம் வந்தது. ஆணை தயார். முப்பத்தொன்றாம் தேதி அலுவலக நேரத்துக்குள் நேரில் வந்து பெறாவிட்டால் ரத்து. எனக்கும் ஒரு பாராட்டுப் பத்திரமாம். இரண்டு பேரும் பஸ் ஏறிச் சரியாகப் பத்துக்கே போய்விட்டோம். ஆபீசில் நாற்காலிகள் மட்டும் இருந்தன.

கிளார்க் ராஜாராம் வந்தபோது நல்ல உச்சி வெயில். சுவரில் எங்கள் அட்டை ஆணியில் தொங்கியது. தூசி சேருகிறதென்று முக்கோணத்தைப் பிய்த்துவிட்டிருந்தார்கள். பத்து காட்டியது. அதைப் பார்த்துத் திருப்தியாக உட்கார்ந்தார், டீ வரவழைத்துக் குடித்தார், என் பத்திரத்தைக் கொடுத்தார். ஐசக் சார் கடிதத்தை நீட்டினார்.

ராஜாராம் எழுந்து போய் அட்டையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் ஐந்து மணி நிழல்.

"ஆபீஸ் நேரம் முடிஞ்சிட்ச்சு சார்."

"யோவ், வெயில் தலைக்கு மேல கீதுய்யா! இன்னிக்குத்தான் கடைசி நாள்!"

"உங்க கடிகாரம் சார் இது. ஆய்வாளர் ஐயாவே மிக்க திருப்தின்னு எழுதிக்கீறாரு. நான் யாரு மறுக்க?" என்று பீரோவைப் பூட்டினார்.

ஐசக் சார் அட்டைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "பின்பக்கம் எப்ப வரைஞ்சாங்க?"

"போன வாரம் உங்க பள்ளிக்கூடத்துக்குத்தானே குடுத்தனுப்பி வரைஞ்சு வாங்கினோம்."

நான் பத்திரத்தை நாலாக மடித்தேன். ஐசக் சார் என் பக்கம் திரும்பினார்.

"கோடு நல்லா நேராத்தான் போட்டுக்கீறே," என்றார்.