தையல் வேந்தன் நாயோடு லாயம் புகுந்த படலம்

அளவுநாடாவை வெற்றிமாலையெனக் கழுத்தில் அணிந்தவனும், காதிடுக்கில் பென்சில் செருகிய கோலத்தனும், கோட்டுக்குக் கை வைத்துத் தைப்பதில் ஈரேழு தெருக்களிலும் இணையற்றவனும், தன்னைவிட உயரமான எந்தப் பிராணியையும் அதுநாள்வரை பத்தடிக்கு இப்பால் கண்டிராதவனுமாகிய தையல் வேந்தனை முதற்கண் வணங்குகிறோம். அவன் புகழைப் பாட ஆயிரம் நாவு வேண்டும். நமக்கு இருப்பதோ ஒன்று. அதுவும் சிரிப்பை அடக்கக் கடித்துக் கடித்துச் சற்றே வீங்கியிருக்கிறது. பிழையிருந்தால் பொறுத்தருள்க. பொறுக்காவிட்டாலும் கதை நிற்கப்போவதில்லை.

வேந்தனுக்கு உயிர்த்துணை ஒன்று உண்டு. தவிட்டு நிறமும், ஒருபுறம் நிமிர்ந்து மறுபுறம் மடிந்த காதும், எதிரியே இல்லாத திசையிலும் எதிரியைக் கண்டு முழங்கும் பெருங்குரலும் படைத்த அந்நாயின் திருநாமம் பட்டன். குட்டியாய் ஒரு மழைநாளில் கடைக்குள் புகுந்து, வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டுப் பொத்தானை விழுங்கி, அது வெளிவரும்வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்துக்கொள்ளப்பட்டது. பொத்தான் மறுநாளே வந்துவிட்டது. நாய் போகவில்லை.

இவ்வாறு இனிதே சென்ற காலத்தில், வீட்டுக்காரர் தம் மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொன்னார். வேந்தனின் இல்லாள் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் குதிரைகளைப் பராமரிப்பவள். நாலாயிரம் முறை குளம்பு துடைத்த கையினள். சேணப்பட்டையின் வாரை ஒரே இழுப்பில் இறுக்கும் தோளினள். அப்பள்ளியின் லாயத்துக்கு மேலே இரண்டு அறைகள் காலியாய்க் கிடந்தன. பள்ளியின் பேரரசியோ இல்லாளின் பெரியம்மா. அறைகளைத் தர அம்மையாருக்கு மனத்தடை ஏதுமில்லை, நாயைக் கண்ணால் காணும்வரை. கண்டதும் இடுப்பில் கை வைத்து, லாயத்துக் கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறக்கும்படிப் பிரகடனம் செய்தார்:

“இங்க பாருங்க மாப்பிள்ளை. நாய் குரைச்சா குதிரை மிரளும். குதிரை மிரண்டா மேல உக்காந்திருக்கிற பிள்ளை கீழ விழும். ஒரு வாரம் தரேன். ஞாயித்துக்கிழமை காலைல குதிரை பக்கத்துல பத்து நிமிஷம் நாயை நிறுத்திக் காட்டுங்க. மிரள வெச்சுதுன்னா உங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுங்க. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது.”

அண்ணன் நல்லவர்தான். ஆனால் அவர் அகராதியில் நாய் என்றால் வாசல் கேட்டில் கட்டிய மூன்று முழச் சங்கிலி. வெயிலுக்கும் அதே, மழைக்கும் அதே. தையல் மேசைக்கடியில் தன் பாதத்தின்மேல் தலை வைத்துத் தூங்கிய நாயை அந்தச் சங்கிலியில் நினைத்துப் பார்த்த வேந்தன் கையிலிருந்த கோட்டுக்கு ஒரே தோளில் இரண்டு கை வைத்துத் தைத்துவிட்டான்.

உடனே மூண்டது பயிற்சிப் பெரும்போர். படைத்தலைமை ஏற்ற இல்லாள் முதல்நாளே வியூகம் வகுத்தாள். நாயை முதலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு அதன் கொழுப்பைக் குறைக்க வேண்டும். பிறகு கயிற்றில் கட்டி, குதிரைக் களத்தின் வேலிக்கு வெளியே, வெகுதொலைவில் நிறுத்த வேண்டும். குதிரையைப் பார்த்துவிட்டுக் குரைக்காமல் முகத்தைத் திருப்பினால் ஒரு துண்டு பிஸ்கட். குரைத்தால் திட்டக்கூடாது, இன்னும் பத்தடி பின்வாங்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. கையிலிருந்து விடவும் கூடாது. இவற்றையெல்லாம் வேந்தன் ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் எழுதி, சட்டைப் பையில் வைத்து, கோட்டின் அளவை ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தான்.

எதிரணியிலோ ஹெட்மாஸ்டர் நின்றார். பள்ளியின் மூன்று குதிரைகளில் மூத்தவர், பொறுமைசாலி; வருகிற யாரையும் மூக்குக்கு மேலாகப் பார்த்து, தப்பு செய்துவிட்டோமோ என்று எண்ண வைத்துவிடுகிற பார்வையால் அப்பெயர் பெற்றவர். திங்களன்று அவரைக் கண்ட மாத்திரத்தில் பட்டன், ஏழு கடலும் ஒருங்கே பொங்கினாற்போல் குரைத்தது. படை பின்வாங்கியது. மறுபடி குரைத்தது. மறுபடி பின்வாங்கியது. இப்படியே பின்வாங்கிப் பின்வாங்கி வேந்தனும் நாயும் பள்ளியின் வாசலைத் தாண்டி, எதிர்வரிசைச் சைக்கிள் கடைக்குள் போய் நின்றார்கள். கடைக்காரர் காற்றடிக்கவா என்று கேட்டார்.

ஆயினும் அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும். செவ்வாயன்று வாசல், புதனன்று மரத்தடி, வெள்ளிக்குள் வேலியோரம் என்று நாயும் முன்னேறியது. சனிக்கிழமை ஹெட்மாஸ்டர் வேலிக்கு மேலே தலையை நீட்டி ஒரு கனைப்புக் கனைத்தபோது, பட்டன் அவரை ஏறிட்டது, பிறகு வேந்தனை ஏறிட்டது, பிறகு பிஸ்கட் பையை ஏறிட்டது. குரைக்கவில்லை! இல்லாள் கைதட்டப் போய், குதிரை பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்து, காற்றிலேயே கையை நிறுத்திக்கொண்டாள்.

இத்தனை நாளும் எல்லாக் கண்களும் நாயின் காதையும் வாலையும்தான் பார்த்தன. குதிரைக்கு அஞ்சி நாயின் பின்னாலேயே நின்ற வேந்தனை எவரும் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால் ஒருமுறையும் அவன் கால் வைத்ததில்லை என்பதும், வைக்க நேரும் என்பதை அவன் நினைத்தே பார்க்கவில்லை என்பதும் படைத்தலைவிக்கும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்கவில்லையே.

விடிந்தது ஞாயிறு. மணல் பரப்பிய களத்தின் நடுவே, முகக்கயிற்றை இல்லாள் பற்றியிருக்க, மலையொன்று பிடரி வளர்த்து நின்றதுபோல் ஹெட்மாஸ்டர் நின்றார். வேலிக்கு வெளியே, ஒரு கையில் கைக்கடிகாரமும் மறுகையில் தேநீருமாய்ப் பேரரசி நாற்காலியில் அமர்ந்தார். கதவு திறந்தது. நாயை முன்னே விட்டு, ஒவ்வோர் அடியையும் பூமித்தாயிடம் அனுமதி கேட்டு வைத்து, தையல் வேந்தன் களம் புகுந்தான்.

முதல் நிமிடம் கழிந்தது. மூன்றாவது கழிந்தது. பட்டன் அம்மணலில் அமர்ந்திருந்த அழகை என்னென்பேம்! தவத்தில் ஆழ்ந்த முனிவரும் இடையில் ஒருமுறை மூக்கைச் சொறிவர், அது சொறியவில்லை. ஏழாம் நிமிடத்தில் ஹெட்மாஸ்டர் மெல்லத் தலையைத் தாழ்த்தினார். நாயை முகர்ந்தார். நாய் அவர் மூக்கை ஒருமுறை நக்கியது. வேலிக்கு வெளியே தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

அந்தோ! முகர்ந்த மூக்கு அங்கேயே நின்றிருக்கலாகாதா! குளிக்கும்போது தவிர எந்நேரமும் கழுத்திலேயே கிடப்பதால் அது கிடப்பதே மறந்துபோயிருந்த அளவுநாடாவின் நுனி வேந்தனின் மார்பில் ஆடிற்று. ஹெட்மாஸ்டர் அதை ஆராய்ந்தார். உதட்டால் பற்றினார். இழுத்தார். தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு ஏதோ ஊர்வதை உணர்ந்து குனிந்த வேந்தன், நான்கு அங்குலத் தொலைவில் தன் தலையளவு மூக்குத்துவாரம் இரண்டைக் கண்டான்.

“ஐயோ அம்மா!”

அக்குரலை என்னவென்று விவரிப்போம்? வாழ்நாளெல்லாம் பட்டன் குரைத்த குரைப்பனைத்தையும் திரட்டி ஒரே மூச்சில் விட்டாலும் அதற்கு ஈடாகாது. ஹெட்மாஸ்டர் துள்ளிப் பின்வாங்கினார். நாடா அவர் வாயோடு போயிற்று. வேந்தன் எப்படி ஓடினான், எப்போது ஏறினான் என்று கண்டவர் இல்லை. மறுகணம் அவன் வேலியின் மேற்கட்டையில் இருந்தான். அவன் கை வெறுங்கையாய் இருந்தது. கயிறு மணலில் கிடந்தது. கயிற்றின் மறுமுனையில், குதிரையின் குளம்புக்கு இரண்டடித் தொலைவில், சொன்ன இடத்தில் சொன்னபடி, பட்டன் தன்னந்தனியே உட்கார்ந்திருந்தது.

ஓர் உதை போதும். எல்லோருக்கும் அது தெரிந்தது. நாய்க்கு மட்டும் தெரியவில்லை. அது வேலிமேல் இருந்தவனையே பார்த்து, பிஸ்கட் வரும் என்று காத்திருந்தது.

“நான் குதிரை கயித்த விட முடியாது!” என்று இல்லாள் பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்குரலில் முழங்கினாள். “நாயைக் கூப்பிடாதீங்க, குதிரை கால் நடுவுல ஓடிடும். நீங்கதான் வரணும். பின்னால வராதீங்க, தோள் பக்கமா மெதுவா வாங்க. பேசிக்கிட்டே வாங்க, அப்பத்தான் அது மிரளாது.”

“என்ன பேசறது?”

“எதையாவது பேசுங்க!”

கேளீர், இனி வருவதே இக்காவியத்தின் உச்சம். உலகில் தனக்கிருந்த பயம் யாவும் நாலு காலும் ஒரு வாலுமாய்த் திரண்டு எதிரில் நாடா மென்றுகொண்டிருப்பதைக் கண்டும், அதனினும் பெரிதாக ஒரு சங்கிலியை நினைத்து, தையல் வேந்தன் வேலியிலிருந்து இறங்கினான். அவ்வளவு பெரிய உருவங்களிடம் பேச அவனுக்குத் தெரிந்த பாஷை ஒன்றே ஒன்று. அதை எடுத்தான்.

“வாங்க சார்... கொஞ்சம் நேரா நில்லுங்க... மூச்ச அடக்காதீங்க, சாதாரணமா விடுங்க. தோள் நல்ல அகலம் சார் உங்களுக்கு. லூசா வேணுமா, டைட்டா வேணுமா? நெஞ்சு... நெஞ்சு அறுபத்தெட்டு வரும்போல. பரவால்ல சார், துணி பத்தும்...”

ஹெட்மாஸ்டரின் காதுகள் முன்னோக்கித் திரும்பின. மூச்சை விட்டார், சாதாரணமாகவே. அதுவரை அவரை யாரும் இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை போலும். வேந்தன் தோள்பக்கமாய் வந்தான், குனிந்தான், கயிற்றை எடுத்தான், “டெலிவரி அடுத்த வாரம் சார்” என்றான், நாயோடு வெளியேறினான். கதவைத் தாழிட்டான். நாயைக் கட்டிக்கொண்டு வெளித்தரையில் உட்கார்ந்து அழுதான். பட்டன் அவன் சட்டைப் பையைக் குடைந்தது.

பேரரசி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது. ஹெட்மாஸ்டர் கூட மெல்வதை நிறுத்தினார். அம்மையார் எழுந்து நின்று தீர்ப்புரைத்தார்:

“பன்னண்டு நிமிஷம். நாய் குரைக்கல. எந்திரிக்கவே இல்ல. குதிரைய மிரள வெச்சது மாப்பிள்ளைதான்.” ஆறிய தேநீரைக் கீழே கொட்டினார். “நியாயமா பாத்தா அண்ணன் வீட்டுக்கு அனுப்ப வேண்டியது மாப்பிள்ளைய. என்னம்மா, என்ன சொல்ற?”

“இருக்கட்டும் பெரியம்மா,” என்றாள் இல்லாள், சிரிப்பில் முகக்கயிறு நழுவப் பார்க்க. “பழக்கிக்கலாம்.”

திசையெட்டும் முரசதிர, தேவர்கள் பூச்சொரிய, ஏழு குதிரை பூட்டிய கதிரவனே தன் குதிரைகளை ஒருகணம் இழுத்து நிறுத்திக் கீழே எட்டிப் பார்க்க, வாகை சூடிய வேந்தனும் வாலாட்டிய வீரனும் தோளோடு தோளாய் லாயத்து மாடிப்படி ஏறிய அப்பெரும்பொழுதின் மாண்பை உரைக்க முற்பட்டு, நாவும் தளர்ந்து சொல்லும் தீர்ந்த நாம் இறுதியாகச் சொல்வதாவது:

அன்று சாயங்காலம் நாய்க்கு மாடியில் பாய் போட்டார்கள்.