விசில் சத்தம் கேட்கும் தூரம்

எண்பதுகளில் தென்காசியில் எங்கள் விசில் டீச்சருக்குப் பயப்படாத உயிர் ஒன்று இருந்திருந்தால், அது வெளியூரிலிருந்து அன்றைக்குத்தான் பஸ் இறங்கியிருக்க வேண்டும்.

பெண்கள் பள்ளியில் அவர் டிரில் டீச்சர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில். ஒரு முறை ஊதினால் நில். இரண்டு முறை ஊதினால் ஓடி வா. வீட்டிலும் இதே சட்டம்தான். இரண்டு முறை ஊதினால் அவர் வீட்டுக்காரர் படித்துக்கொண்டிருந்த பேப்பரோடு வந்து நிற்பார். டீச்சர் தூங்கும்போதும் விசிலைக் கழற்ற மாட்டார் என்று கேள்வி. நான் நம்புகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, சோவியத் தேசத்தில் பள்ளிக் குழந்தைகளுக்காக நடந்த விண்வெளி, விமானப் பயிற்சி முகாமுக்கு எங்கள் பள்ளியிலிருந்து நான்கு பெண்களுக்கு அழைப்பு வந்தது. நான்கில் ஒருத்தி நான். தலைமை ஆசிரியைக்கு ரத்தக் கொதிப்பு, அறிவியல் டீச்சருக்கு ஏழாம் மாதம். ஆகவே துணைக்கு விசில் டீச்சர்.

மற்ற மூன்று வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த என் அப்பா மட்டும் முடியாது என்றார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் அசையவில்லை. மூன்றாம் நாள் காலை, ஏலம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு கடை வாசலில் போய் நின்றார்.

"பொம்பளப் பிள்ளயக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிட்டு நான் இங்கன எப்படி டீச்சர் தூங்குவேன்? கூட்டத்துல தொலஞ்சு போனா?" என்றார் அப்பா.

"என் விசில் சத்தம் கேக்க தூரத்தத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டா, அண்ணாச்சி. சந்தேகம்னா இப்பவே பாத்துருவோம்."

என்னைச் சந்தையின் மறுகோடிக்கு, தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் போகச் சொன்னார். நடுவில் லாரி, டெம்போ, ஏலக் கூச்சல், மூட்டை தூக்குபவர்களின் சண்டை. டீச்சர் மூச்சை இழுத்து ஒரு முறை ஊதினார். ஏலம் நின்றது. டெம்போ நின்றது. தலையில் வெண்டைக்காய் மூட்டையோடு போனவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். பிறகு இரண்டு முறை ஊதினார். நான் ஓடி வந்தேன். என்னோடு, எதற்கென்று தெரியாமல், ஏழெட்டு வியாபாரிகளும் ஓடி வந்தார்கள்.

அப்பா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "கேக்க தூரத்துக்குள்ளதானே?" என்றார். டீச்சர் விசிலைத் தொட்டுத் தலையாட்டினார்.

அடுத்தது பயிற்சி. ராக்கெட் கிளம்பும்போது உடம்பை அழுத்தும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். டீச்சர் எங்கள் நால்வரையும் குற்றாலம் பேரருவிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் மொத்தமாக விழும் இடத்தில் நிறுத்தினார். போதும் என்று அவர் ஊதியதும், வெள்ளம் வருகிறதென்று போலீஸ்தான் ஊதுகிறது என நினைத்து ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டும் காலியாகிவிட்டன. எண்ணெய்த் தலையோடு ஊரே வெளியே நின்றது. கோபமாக வந்த போலீஸ்காரரிடம் டீச்சர், "நீங்க ஊதுனா பாதிப் பேருதானே வெளிய வருதாங்க?" என்று கேட்டார்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும், கடலில் விழுந்தால் ஊத மிதவைச் சட்டையில் ஒரு விசில் இருப்பதைப் பணிப்பெண் காட்டினார். டீச்சர் தன் சீட்டுக்கு அடியிலிருந்ததை உருவி ஊதிப் பார்த்தார். பணிப்பெண் பதறி ஓடி வந்தார். "காத்துதான்மா வருது. விழுந்தா நான் என்னோடதையே ஊதுதேன்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முகாமில் சுழல் நாற்காலியில் சுற்றினோம், விண்வெளி உடுப்பு போட்டுப் பார்த்தோம். கடைசி நாளில்தான் வந்தது வினை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, சின்ன விமானத்தில் விமானியின் பக்கத்தில் உட்காரவைத்து மேலே கூட்டிப்போவார்கள். மூன்று பேர் போய்ச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். என் முறை வந்ததும் டீச்சர் குறுக்கே நின்றார்.

"இவ அப்பாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். மேல போனா விசில் கேக்காது."

தமிழ் படித்த அந்த ஊர் மொழிபெயர்ப்பாளர், "அஞ்ச வேண்டாம், அம்மையீர்" என்று எங்களைவிடச் சுத்தமாகச் சொல்லிப் பார்த்தார். டீச்சர் நகரவில்லை. நான் புல்லில் உட்கார்ந்து அழுதேன். டீச்சர் மைதானத்தை ஒரு சுற்று நடந்தார். திரும்பி வந்து, கறுப்புக் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

"ஏட்டி, இப்போ போ."

மேலிருந்து பார்த்தேன். பச்சைப் புல்லில் தனியாக நின்றார். கை வழக்கம்போல நெஞ்சுக்குப் போய், ஒன்றும் இல்லாமல் இறங்கியது. மற்ற எல்லோரும் கையசைத்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் நின்றார், யாரோ ஒரு முறை ஊதிவிட்டது மாதிரி. நான் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினேன். விமானி திடுக்கிட்டார். கீழே கேட்டிருக்காது என்று எனக்குத் தெரியும்.

இறங்கியதும் முதல் வேலையாக விசிலை வாங்கி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார். அவர் கண் சிவந்திருந்தது. காற்று என்றார்.

ஊர் திரும்பிய அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "தூரத்தத் தாண்டலயே?"

"விசில விட்டு ஒரு சாண்கூட நகரல, அண்ணாச்சி," என்றார் டீச்சர். கொஞ்சமும் பொய் இல்லை.

அதன் பிறகு மேல்படிப்புக்கு, வேலைக்கு என்று எங்கே போகக் கேட்டாலும் அப்பா மறுத்ததில்லை. டீச்சருக்கு நான் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறேன். இப்போதும் விமானத்தில் பணிப்பெண் அந்தச் சின்ன விசிலைக் காட்டும்போது எல்லோரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்கிறேன்.