பழுது போர்டு மாட்டிய இங்கிலீஷ்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவும் நானும் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நீ திடமாக இருக்க வேண்டும். "அத்தான் இங்கிலீஷ்ல பேசி சூப்பர்வைசர் ஆயிட்டா, நான் டியூஷன் சென்டரையே மூடிடறேன்" என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாயே, மூடிவிடு. ஆகிவிட்டேன்.

என் முழங்கால் படும் பாடு உனக்குத் தெரியும். இந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுபோனால் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏற வேண்டும், லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவன் லிஃப்டில் போக முடியாது, படிதான். சூப்பர்வைசர் வேலை கிடைக்காவிட்டால் வேலையையே விட்டுவிட வேண்டிய நிலை. அந்தப் பயத்தில்தான் நீ கொடுத்த இலக்கணப் புத்தகத்தைப் பிரித்தேன். பிரித்தால், நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த வார்த்தைக்கு முன்னால் 'தி' வேண்டாமாம், நான் லிஃப்ட் பார்க்கப் போனால் 'தி' வேண்டுமாம். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வாசல். 'கோ' நேற்றுப் போனால் 'வென்ட்' ஆகிவிடுகிறது, சரி, ஆனால் 'டிட்' பக்கத்தில் வந்து நின்றதும் மறுபடி 'கோ'. போனது போனதுதானே, அதை எதற்கு இழுத்து வருகிறார்கள்?

சந்தேகமான லிஃப்டில் ஆளை ஏற்றாமல் கதவில் 'பழுது' போர்டு மாட்டுவது என் தொழில் வழக்கம். அதேபோலச் சந்தேகமான வார்த்தை மேலெல்லாம் 'பழுது' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். புத்தகம் உப்பிவிட்டது. உன் அக்கா புரட்டிப் பார்த்து, "மிச்சம் இருக்கற வார்த்தைய வச்சு உப்புகூட வாங்க முடியாதே" என்றாள். "நான் என்ன உப்பு வாங்கவா போறேன்?" என்று கேட்டேன். தைரியமாகத்தான் கேட்டேன், கேட்டுவிட்டு இன்னும் நாலு சீட்டு ஒட்டினேன்.

இன்டர்வியூவில் எனக்கு முன்னால் போனவர்கள் படித்த பிள்ளைகள். அவர்கள் ஆரம்பித்த வாக்கியம் முடிவதற்குள் எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. என் முறை வந்தது. பெரிய டாக்டரம்மா இங்கிலீஷில் கேட்டார்: நோயாளியோடு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? நின்ற லிஃப்டை நான் எடுத்தவுடன் தொட மாட்டேன், கண்ணை மூடிக் காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பேன். அங்கேயும் அப்படியே செய்தேன். சீட்டு ஒட்டாத வார்த்தைகள் மெதுவாக வந்தன. "கரண்ட் ஆஃப். டாக் டு பேஷண்ட். ஐ கம். நோ ஃபியர்." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பி, "காலைலேர்ந்து இப்பதான் ஒருத்தர் சொல்றது புரியுது" என்றார்.

வேலை எனக்குத்தான் என்றதும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், மாப்பிள்ளை. இனி அதில் ஏற வேண்டாம் என்பதால் சௌகரியமாகவே உட்கார்ந்தேன்.

ஆகவே எனக்கு இனி இலக்கணம் தேவையில்லை. உன் புத்தகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சீட்டுகளைப் பிரிக்காதே, உன் மாணவர்களுக்கு உதவும். உன் பிள்ளைகள் நடுவில் எங்கும் நிற்காமல் மேலே மேலே போகட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
லிஃப்ட் சூப்பர்வைசர்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மேனேஜர் கூப்பிட்டார். புது லிஃப்டுகளோடு வெளிநாட்டு இன்ஜினியர்கள் வருகிறார்களாம். ஒரு வாரம் முழுக்க அவர்கள் சொல்வதை நான் நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டுமாம், நம் ஆட்கள் கேட்பதை அவர்களுக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டுமாம். "நீங்கதான் சுருக்கமா, தெளிவாப் பேசறீங்க" என்கிறார். கண்ணை மூடிக் காதைச் சாய்த்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் வரவில்லை. டியூஷன் சென்டரை மூடாதே, ஒரு வாரத்துக்குப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பி வா. புத்தகத்தை அனுப்பவில்லை. சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல பசை, வார்த்தையும் சேர்ந்தே வருகிறது.